சித்திரைக்கும் கார்த்திகைக்கும் ஒரே செடி

தோட்டம் அமைத்துக் கொடுக்கும் தொழிலில் மாதம் தவறாமல் காசு தருவது புல்தரைதான். மரக்கன்று நட்டால் ஒருமுறைக் கூலியோடு சரி. செம்பருத்திக்கும் அரளிக்கும் ஆண்டில் இரண்டு மூன்று தடவை கவாத்து. புல்லுக்கு மட்டும் வேலை ஓய்வதே இல்லை. வெட்ட வேண்டும், களை பிடுங்க வேண்டும், யூரியா தூவ வேண்டும், பள்ளம் விழுந்த இடத்தில் சலித்த செம்மண் போட வேண்டும், காய்ந்த திட்டைத் தோண்டி எடுத்துவிட்டுப் புது ஷீட் பதிக்க வேண்டும். சென்னைக்குத் தெற்கே வீடு கட்டுகிறவர்கள் வாசலுக்குக் கொரியன் புல் கேட்கும்வரை எங்களைப் போன்றவர்களுக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை. அது தெரிந்தும், வெயில் நன்றாக விழும் வாசல் என்றால் ‘புல் வேண்டாமே’ என்றுதான் சொல்லிவருகிறேன். தண்ணீர்க் கணக்குத்தான் காரணம்.

ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க ஒரு லிட்டர் தேவை. சித்திரை வெயிலில் சென்னைப் புல்தரை பசுமை கெடாமல் இருக்க நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் குடிக்கும். ஆயிரம் சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். ஆக, 460 லிட்டருக்கு மேல். 15 லிட்டர் குடத்தில் முப்பது குடத்துக்கு மேல். ஒரு வீட்டு வாசலுக்கு ஒரே நாளில் ஊற்றுவது இவ்வளவு.

2018-இல் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றி, 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது இந்தக் கணக்கை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் குடிநீர் வந்தது. லாரித் தண்ணீருக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்த தெருக்களில், புல்லுக்கு ஓஸ் பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசமாட்டார். நான் பார்த்துக்கொண்ட புல்தரைகளில் பெரும்பாலானவை அந்தக் கோடையில் வைக்கோலாகின. மழை வந்தபின் வீட்டுக்காரர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: “தண்ணி ரொம்பக் கேக்காம, தரையோட தரையா படர்ந்து, பூவும் பூக்குற மாதிரி ஏதாவது இருக்கா தம்பி?”

நர்சரியில் கேட்டால் இருக்கிறது என்பார்கள். ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்துக் கடியத்திலிருந்து லாரி லாரியாக வந்து இறங்கும் செடிகளில் அப்படிப்பட்டவை நிறையவே உண்டு. வறட்சி தாங்கும் தோட்டம் என்ற எண்ணத்தை 1981-இல் அமெரிக்காவின் டென்வர் நகரக் குடிநீர் வாரியம் ஒரு முறையாக வகுத்துப் பரப்பியது. அந்த வழியில் எழுதப்பட்ட புத்தகங்கள் பரிந்துரைக்கும் சதைப்பற்றுச் செடிகள் பலவும் இன்று நம்மூரில் கிடைக்கின்றன. கோடையில் அவை ஒரு குறையும் வைப்பதில்லை. சிக்கல் ஐப்பசியில் வரும். சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் சுமார் 1400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தின் மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. அதிலும் பெரும்பகுதி சில நாட்களிலேயே. களிமண் வாசலில் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கும். வறட்சிக்கென்று வாங்கிய செடி வெள்ளத்தில் அழுகும். எனவே எங்கள் வட்டாரத்தில் ஒரு தரைச்செடியை நல்லது என்று சொல்ல நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே: சித்திரையையும் தாங்க வேண்டும், கார்த்திகையையும் தாங்க வேண்டும்.

இந்த அளவுகோலில் டேபிள் ரோஸ் பாதிதான் தேறும். பத்துமணிப்பூ என்றும் சொல்வார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. நம் பருப்புக்கீரைக்கு நெருங்கிய சொந்தம். வெயிலைத் தாங்குவதில் அதற்கு இணை குறைவு. சாதாரண நாட்களில் மக்காச்சோளம் உணவு தயாரிக்கும் முறையில் தயாரிக்கும். தண்ணீர் அடியோடு குறைந்தால் கள்ளியின் முறைக்கு மாறி, இரவில் கரியமிலவாயுவை உள்ளிழுத்து வைத்துக்கொண்டு பகலில் இலைத்துளைகளை மூடிவிடும். இந்த இரண்டு முறைகளையும் ஒரே இலையில் வைத்திருக்கும் செடிகள் மிகச் சில. விரல் நீளத் தண்டைக் கிள்ளிச் செருகினால் போதும், பிடித்துக்கொள்ளும். பூ வெயில் ஏறினால் விரிந்து, பிற்பகலில் சுருங்கும். மேகம் மூடிய நாளில் திறக்கவே திறக்காது. வேலைக்குப் போய் இருட்டியபின் வீடு திரும்புகிறவர்கள் இதன் பூவை ஞாயிற்றுக்கிழமை மட்டுமே பார்க்க முடியும் என்பதை நடுவதற்கு முன்பே சொல்லிவிடுவேன். ஐப்பசி அடைமழையில் தண்டு கொழகொழவென்று அழுகிவிடும். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வொரு நிறத்திலும் சில தண்டுகளைக் கிள்ளிக் கோப்பைகளில் செருகி, தாழ்வாரத்தில் மழை படாமல் வைத்துக்கொள்வது வழக்கம். தை பிறந்ததும் அவை மறுபடி வெளியே வரும். மதில் மேல், படிக்கட்டு ஓரம், மாடித்தொட்டி என்று தண்ணீர் வடியும் இடங்களுக்கு இது அருமையான செடி. வாசல் முழுக்கப் பரப்ப ஏற்றதல்ல.

மஞ்சள் பூப் பூக்கும் வெடேலியாவை யாருக்கும் நான் நட்டுக் கொடுப்பதில்லை. உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று ஐ.யூ.சி.என். அமைப்பு வெளியிட்ட பட்டியலில் அதுவும் இருக்கிறது. வாய்க்கால் ஓரத்தில் ஒரு துண்டு விழுந்தால் கரையே அதற்குச் சொந்தம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெறும் மணலாகக் கிடக்கும் மனைகளுக்கு அடப்பங்கொடி பொருந்தும். சங்கப் பாடல்களில் அடும்பு என்று வருவது இதுதான். ஊதாப்பூ அழகாக இருக்கும், உப்புக்காற்றைப் பொருட்படுத்தாது. ஆனால் பத்து மீட்டருக்கு மேல் ஓடும் கொடியைச் சின்ன வாசலில் கட்டிப்போட முடியாது. தண்ணீர் கேட்காமல் தரையோடு படர்ந்து மஞ்சளாகப் பூக்கும் நாட்டுச்செடி இன்னொன்றும் இருக்கிறது. அதன் பெயர் நெருஞ்சி. செருப்பில்லாமல் நடக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுப்பவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

அளவுகோலின் இரண்டு முனையிலும் தேறியது எங்கள் ஏரிக்கரைகளில் கேட்பாரற்றுக் கிடக்கும் பொடுதலை. வெர்பினா குடும்பத்துச் செடி. 1753-இல் லின்னேயஸ் இதற்கு வெர்பினா நோடிஃப்ளோரா என்று பெயரிட்டார், இன்றைய தாவரவியல் பெயர் ஃபைலா நோடிஃப்ளோரா. தரையோடு ஒட்டி ஓடும் தண்டு, கணுவுக்குக் கணு வேர், நுனியில் மட்டும் பல் வைத்த சின்ன இலை. இலைக்கக்கத்திலிருந்து எழும் காம்பின் தலையில் பூக்கள் ஒரு வளையமாக மலரும். வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த மிகச் சிறிய பூக்கள். தலை நீள நீள வளையம் மேலே ஏறும். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது, குனிந்து பார்க்க வேண்டும்.

இது ஏன் தாங்குகிறது என்பதற்கு அது வளரும் இடமே பதில். ஏரியின் உள்வாயில் கார்த்திகையில் முழங்கால் தண்ணீர். மாசியில் தண்ணீர் வடிந்து சேறு. சித்திரையில் மண் வெடித்துப் பாளம் பாளமாக நிற்கும். இந்த மூன்றையும் ஆண்டுதோறும் பார்த்துவிட்டு அங்கேயே கிடப்பது பொடுதலை. தண்ணீர் நிற்கையில் கணுவேர்கள் ஈரத்தில் பரவும். காய்கையில் ஆழ இறங்கிய வேர் கைகொடுக்கும். உப்பு ஏறிய மண்ணும் அதற்குப் பழக்கம்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்ப் பக்கம் வண்டல் மூடிய புல்தரைகள் நாறி அழுகின. வண்டலைத் துளைத்துக்கொண்டு முதலில் தலைகாட்டியவற்றுள் இதுவும் ஒன்று. அப்போதிருந்தே இதன் மீது எனக்கு ஒரு கண்.

ஜப்பானில் இதே செடியிலிருந்து குராப்பியா என்ற மலட்டு ரகத்தை உருவாக்கி, கலிஃபோர்னியாவில் புல்லுக்கு மாற்றாக விற்கிறார்கள். காசு கொடுத்து வாங்கும் பொருள் அங்கே. இங்கே அதைச் சொன்னால் கிடைப்பது வேறு மரியாதை. “ஏரிக்கரையில மாடு மேயுற களைய பிடுங்கிட்டு வந்து நட்டுட்டு, சதுர அடிக்கு இவ்ளோன்னு கேக்குறியே தம்பி?” என்றார் ஒரு அம்மா. “செடிக்குக் காசு இல்லம்மா, தரையைத் தயார் பண்ணத்தான் காசு” என்றேன். உண்மையும் அதுதான்.

தரை தயாரிப்பதை மாதக் கணக்கில் சொல்கிறேன். சித்திரையில் பழைய புல்லைச் செதுக்கி எடுத்து, ஒரு சாண் ஆழம் கொத்தி, கட்டி உடைத்துச் சமன் செய்து, நன்றாக நனைத்து, தெளிவான மெல்லிய பாலித்தீன் விரிப்பால் மூடி, நாலு ஓரமும் மண் போட்டு இறுக்க வேண்டும். கறுப்பு விரிப்பு கூடாது. வெயில் ஊடுருவி மண்ணைச் சுட வேண்டும். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் மேல்மண்ணிலிருக்கும் களைவிதைகளில் பெரும்பகுதி வெந்துவிடும். கோரைக்கிழங்கு மட்டும் வேகாது. அது ஆழத்தில் இருக்கும். ஒன்றை அறுத்தால் சரமாக இன்னும் நாலு. வைகாசிக் கடைசியில் விரிப்பை எடுத்துவிட்டு, ஆனி முழுக்கத் தண்ணீர் விட்டுக் கோரையை முளைக்க விட்டு, முளைத்ததைக் கிழங்கோடு தோண்ட வேண்டும். தோண்டத் தோண்ட வரும். வீட்டுக்காரருக்குப் பொறுமை போவது இந்த மாதத்தில்தான்: “வெறும் மண்ணுக்குத் தண்ணி ஊத்தறதுக்கா ஆளு போட்டிருக்கேன்?” பொடுதலை மூடியபின் ஊடே கிளம்பும் கோரையைக் கிழங்கோடு எடுக்கப் போனால் கொடியும் சேர்ந்து பெயர்ந்துவிடும் என்பதை விளக்கிச் சொல்லித்தான் சமாளிக்க வேண்டும்.

நாற்றைக் கோடையிலேயே தயார் செய்வேன். ஏரிக்கரையிலும் வரப்பிலும் எல்லாக் கொடியும் ஒன்றுபோல் இருக்காது. நிழலிலும் நீரோரத்திலும் நீண்டு நெளிந்து கிடப்பதை விட்டுவிட்டு, வெயில் பட்டு, ஆடுமாடு மேய்ந்து, கணுக்கள் நெருங்கித் தரையோடு அப்பிக் கிடக்கும் கொடியாகப் பார்த்து எடுக்க வேண்டும். வரப்பு என்றால் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை. கரையைச் சுரண்டி எடுக்க வேண்டியதே இல்லை. ஒரு பை போதும். மூன்று கணு உள்ள துண்டாக நறுக்கி, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி, நார்க்கழிவும் மணலும் கலந்த குழித்தட்டில் செருகி நிழலில் வைத்தால் பத்து நாளுக்குள் வேர் பிடிக்கும். அந்த நாற்று வளர்ந்ததும் அதையே நறுக்கினால் அடுத்த தட்டு.

நடவு ஆடியில். சென்னைப் பக்கம் அப்போது சாயங்கால இடிமழை தொடங்கியிருக்கும். ஐப்பசிக்குள் வேர் இறங்க மூன்று மாதம் கிடைக்கும். தையில் நடுவோரும் உண்டு. அப்படி நட்டால் வேர் ஊன்றுவதற்குள் கோடை வந்துவிடும், தண்ணீர்ச் செலவு கூடும். ஒரு அடிக்கு ஒரு நாற்று, அடுத்த வரிசையை இடை மாற்றி. உரம் வேண்டாம், கொடுத்தால் இலை தடித்துப் பூ குறையும்.

சிக்கனச் செடி என்பதால் நட்ட நாளிலிருந்தே தண்ணீரைக் குறைக்கலாம் என்று நினைக்கிறவர்கள் அதிகம். முதல் இரண்டு வாரம் தினமும் பூவாளியால் ஊற்றியே ஆக வேண்டும். பிறகு குழந்தைக்குப் பால் மறக்கடிப்பது போலத்தான்: ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் வாரத்துக்கு இரண்டு, ஊற்றும் நாளில் ஆழமாக. தினமும் கொஞ்சம் தெளித்துக்கொண்டே இருந்தால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இடைவெளி விட்டு ஆழ நனைத்தால் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். ஐப்பசியில் மழை பார்த்துக்கொள்ளும். அடுத்த சித்திரையில், களிமண் என்றால் பத்து நாளுக்கு ஒருமுறை சதுர மீட்டருக்கு 25 லிட்டர் போதும். பழைய ஆயிரம் சதுர அடிக்கு இது பத்து நாளில் 2,300 லிட்டர். புல்லுக்கு ஆன செலவில் பாதி. மணல் மனையில் தண்ணீர் நிற்காது என்பதால் இரண்டு தவணையாகப் பிரித்து ஊற்ற வேண்டும். அறவே நிறுத்திவிட்டால் இலை சிறுத்துச் செந்நீலமாகும், பூ நிற்கும். செத்துவிட்டதென்று தோன்றும். முதல் நல்ல மழைக்குக் கணுவெல்லாம் துளிர்க்கும். சொட்டுத் தண்ணீரில் பச்சையும் பூவும் வேண்டும் என்று கேட்பவர்களிடம், அப்படி ஒரு செடி என்னிடம் இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.

களைதான் முதல் ஆண்டின் முழுக் கதையும். மழை விட்ட கார்த்திகையில் கீழாநெல்லி, அம்மான் பச்சரிசி, மூக்கிரட்டை, குப்பைமேனி எல்லாம் கூடி எழும். எங்களோடு வேலை செய்யும் அக்காமார்கள் செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். நெல்வயலில் கைக்களை எடுத்துப் பழகிய கை. இரண்டு இலைப் பருவத்திலேயே எது பொடுதலை, எது வேறு என்று விரல் சொல்லிவிடும். “இத இன்னிக்கு எடுத்தா ஒண்ணு, பூ விட்டப்புறம் எடுத்தா நூறு” என்பார் அவர்களில் மூத்த அக்கா. முதல் ஆண்டில் மாதம் இருமுறை இந்தக் கை பட்டால், இரண்டாம் ஆண்டில் பொடுதலையே மண்ணை மூடிக் களையை அமுக்கிவிடும். களைக்கொல்லி அடித்துச் சுலபமாக முடிக்கலாமே என்பார்கள். அகன்ற இலைக் களையைக் கொல்லும் மருந்து பொடுதலையையும் கொல்லும்.

நோய் அதிகமில்லை. புழுக்கமான மழைக்காலத்தில் வட்டம் வட்டமாகக் கருகி, அடித்தண்டில் வெள்ளை நூல் பூசணமும் கடுகு போன்ற பழுப்பு மணிகளும் தெரிந்தால், அது நிலக்கடலைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த தண்டழுகல் பூசணம். அந்த வட்டத்தைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்தி, தொழுவுரத்தில் கலந்த டிரைக்கோடெர்மா விரிடியைப் போடுவோம். நடும்போதே தண்ணீர் வடியச் சிறு சரிவு கொடுத்திருந்தால் இது பெரும்பாலும் வருவதில்லை. வெள்ளத்தைத் தாங்கும் செடிக்கு வடிகால் எதற்கு என்று கேட்பார்கள். ஓடும் ஏரித்தண்ணீர் வேறு, மதிலுக்குள் தேங்கிச் சூடேறும் தண்ணீர் வேறு.

பொடுதலை பொருந்தாத இடங்களும் இருக்கின்றன. மாமரத்தடியில் வேண்டாம்; அரைநாள் வெயிலாவது இல்லாவிட்டால் தண்டு நீண்டு பூ மறையும். நடக்கலாம், உட்காரலாம், பிள்ளைகள் ஸ்டம்பு நடும் இடத்துக்கு அருகம்புல்தான் சரி. பூத்திருக்கும்போது கொம்புத்தேனீயும் கொசுத்தேனீயும் காலையிலிருந்தே மொய்க்கும். கொசுத்தேனீ கொட்டாது, கொம்புத்தேனீ மிதித்தால் கொட்டும். வீட்டில் விசேஷம் என்றால் நாலு நாள் முன்னதாக மெஷினை உயர்த்தி வைத்து ஓட்டிப் பூவை எடுத்துவிடலாம். பத்து நாளில் மறுபடி வரும். “பாம்பு அடையுமே” என்பது அடிக்கடி வரும் கேள்வி. நாலு விரல் உயரச் செடியில் ஓணானே ஒளிய முடியாது. ஓரத்தில் செங்கல் பதித்து, வெளியே நீளும் கொடியை மாதம் ஒருமுறை மண்வெட்டியால் வெட்டிவிட வேண்டும். இதன் நெருங்கிய உறவான தென் அமெரிக்கச் செடி ஒன்று ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் ஆற்றுப்படுகையில் மேய்ச்சல் நிலங்களைப் பிடித்துக்கொண்டு பெருந்தொல்லை தருகிறது. நம் ஏரிக்குப் பொடுதலை அந்நியமல்ல, அதனால் அந்தப் பயமில்லை. ஆனாலும் பக்கத்துப் பாத்திக்கு அது விருந்தாளிதான்.

பொடுதலை போட்ட வாசலுக்கு விருந்தாளிகள் வருவதையும் சொல்ல வேண்டும். மயில் வசீகரன் என்னும் ஆரஞ்சுநிறக் கண்புள்ளிப் பட்டாம்பூச்சி முட்டையிடும் செடிகளில் இது ஒன்று. புழு இலையைக் கடிக்கும். கடிக்கட்டும், மருந்தடிக்காதீர்கள் என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். தெருவிலிருக்கும் பாட்டிமார்கள் இன்னொரு வகை. பொடுகுக்குத் தைலம் காய்ச்ச ஒரு கைப்பிடி கேட்டு வருவார்கள்; சிலர் துவையலுக்கு. கொரியன் புல் இருந்தவரை அந்த வாசலுக்கு இவர்கள் யாரும் வந்ததில்லை.

கூலிக் கணக்கையும் மாற்றிக்கொண்டேன். புல்லுக்கு மாதச் சம்பளம் வாங்குவது போல் இதற்கு வாங்க முடியாது. மூன்றாம் ஆண்டிலிருந்து மாதத்துக்கு ஒரு நடை போதும். ஆகவே தரை தயாரிப்புக்கும் முதல் ஆண்டுக் களைக்கும் சேர்த்து முன்கூட்டியே பேசிவிடுகிறேன். களைக்கூலியைக் குறைக்கச் சொல்கிறவர்களுக்கு நடுவதில்லை. ஏனென்றால் ஒரே மழைக்காலத்தில் அது கோரைக்காடாகும். பழி பொடுதலைக்குப் போகும். லாரித் தண்ணீருக்குப் போன காசில் ஒரு பங்கு களையெடுக்கும் கைகளுக்குப் போவதில் எனக்கு வருத்தமில்லை.

இதைப் படித்துவிட்டு இருக்கும் புல்லையெல்லாம் ஒரே நாளில் செதுக்கிவிட வேண்டாம். வெயில் நன்றாக விழும் மூலையில் பத்துக்குப் பத்து அடி போதும். கோரையை ஒழித்து, வரும் ஆடியில் நடுங்கள். ஒரு கார்த்திகையும் ஒரு சித்திரையும் அதன் மேல் போகட்டும். மீதிப் புல்லை என்ன செய்வதென்று அதற்கடுத்த ஆடியில் முடிவு செய்துகொள்ளலாம்.